மருந்தலமாரியின் பின்பக்கம்

முதலில் தண்ணீரை மூடினோம்.
பிறகு ஆர்வோ நிலவறைக்கு இறங்கிப் போய்
பென்சிலில் 'குளியலறை' என்று எழுதியிருந்த
ஸ்விட்சைத் தள்ளினான்.
மேலே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.
அணைந்தது சமையலறை ரேடியோ.
நூறு வயது வீட்டில்
எந்தக் கையெழுத்தையும் நம்பக் கூடாது.

ஆள் வைத்து இடிக்க மூவாயிரம் டாலர் கேட்டார்கள்.
தாதுக் கப்பல்கள் வரத்துக் குறைந்து
பிப்ரவரியிலிருந்து அவனுக்குத் துறைமுகத்தில் வேலையில்லை.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிற என் சம்பளத்துக்கு
ஒரு கடப்பாரை, இரண்டு முகமூடி,
ஏழு நாள் வாடகைக்கு வாசலில் ஒரு இரும்புத் தொட்டி.
முதல் இரவே யாரோ அதில்
தங்கள் மெத்தையைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதற்கும் முன்னால்,
கல்நார் கலந்திருக்கிறதா என்று
தரையில் ஒரு துண்டு பெயர்த்து அனுப்பிவிட்டு
மூன்று வாரம் காத்திருந்தோம்.
'இல்லை' என்று பதில் வந்தது.
அவன் தாடி அதற்குள் கழுத்துவரை இறங்கிவிட்டது.

இடிப்பது கோபக்காரர்களின் வேலை என்று நினைத்திருந்தேன்.
இல்லை, தட்டிக் கேட்கிறவர்களின் வேலை.
விரல் முட்டியால் தட்டு,
காதை வை.
பொக்கென்றால் ஒன்றுமில்லை. கெட்டென்றால் கட்டை.
குழாய் எந்தப் பக்கம் வளைகிறது, கம்பி எங்கே ஏறுகிறது,
எது கூரையைத் தாங்குகிறது, எது சும்மா நிற்கிறது.
முதல் அடி விழ ஒரு மணி நேரம் ஆயிற்று.
பிறகு காரை சரிந்தது.
காரைக்குள் குதிரை மயிர்.
அதற்குப் பின்னால் வரிவரியாய் மரப்பட்டிகள்,
ஒவ்வொரு ஆணியும் ஒரு கீச்சோடுதான் வந்தது.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
எங்கள் சுவருக்கு வாய் இருந்தது.
மருந்தலமாரியின் முதுகில்
விரற்கடை நீளத்தில் ஒரு கீற்று.
"உண்டியலா, மெர்னா?" என்று சிரித்தான்,
சிரித்தபடி கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான்.

பிளேடுகள்.
பொலபொலவென்று சில, பிறகு
துருவேறிச் செங்கல்லாய் ஒட்டிப்போன ஒரு கட்டி,
அதன் பின்னால் மறுபடியும் சில.
இருவரும் காலை இழுத்துக்கொண்டோம்.

காந்தத்தால் பொறுக்கி
காபி டின்னில் போட்டு எடை பார்த்தேன்:
நாலு பவுண்டு.
திறந்து கிடந்த கட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டான்.
வாரம் இரண்டு என்றால் முப்பது வருஷம்.
"ஒரு வாரம்கூட விடவில்லை பார், இந்த ஆள்"
என்றான், கொஞ்சம் பொறாமையோடு.
யாரென்று தெரியாது. பழைய பத்திரத்தில்
க்ளெட்டஸ் மோ என்று ஒரு பெயர்,
அவனாகவும் இருக்கலாம்.
நிறைந்தால் என்ன செய்வது என்று
அவன் ஒரு காலையும் யோசித்திருக்க மாட்டான்.
கீற்றில் போட்டால் போயிற்று.

பேருந்தில், என் இருக்கைக்கு அடியில்,
வங்கியிலிருந்து வந்த இரண்டு கடிதங்கள்
பிரிக்காமல் கிடந்தன.
அதைச் சொல்ல அது நல்ல நேரமாகத்தான் இருந்தது.
நான் டின்னுக்கு மூடி தேடினேன்.

இருட்டியதும் ஏரியின் மேல் பனி இறங்கி
கப்பல் ஒன்று நீளமாய் ஊதியது.
சமையலறைத் தொட்டி முன்னால் ஆர்வோ நின்றிருந்தான்,
டோஸ்டரைக் கண்ணாடியாகச் சாய்த்து வைத்து.
தாடி முழுக்கக் காரைத்தூள்,
நுரை பூசாமலே நுரை பூசியவன் மாதிரி.
பாதி கன்னம் வெளியே வந்திருந்தது,
பிப்ரவரியில் பார்த்தது.

மீதியையும் முடித்தான். முகத்தைத் துண்டில் அழுத்தினான்.
பிறகு பிளேடைக் கழற்றி இரு விரலில் பிடித்துக்கொண்டு
வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.
எலும்பு தெரிந்த சுவர், பிளாஸ்டிக் திரை,
மூட்டை மூட்டையாய்க் காரை.

"இதை எங்கே போட?" என்றான்.